வகுப்பில் கோட்டைவிட்ட லத்தீனைத் தனியாகப் படித்துப் பிடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லத்தீன் வகுப்பு சரியாக அமையாமல் போனவர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டுவிட்டேன். லத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது குறில் நெடிலைக் கவனித்துத்தான் எழுதியிருக்கிறேன், வாசிக்கும்போது நீங்களும் கவனியுங்கள். காரணம் பின்னால் வரும்.

ரெண்டு வருஷம் வகுப்பில் உட்கார்ந்தேன், ஒரு வாக்கியம்கூட சொந்தமா படிக்க முடியலை. எனக்கு மொழி வராதோ?

வகுப்பில் என்ன நடந்தது என்று முதலில் யோசித்துப் பாருங்கள். பலர் சொல்வது ஒரே கதைதான்: ஆசிரியர் ஒரு வரியை வாசிப்பார், அதன் அர்த்தத்தைச் சொல்வார், எல்லோரும் எழுதிக்கொள்வார்கள், பரீட்சைக்கு அந்த அர்த்தத்தை மனப்பாடம் செய்வார்கள். இதில் படித்தது மொழிபெயர்ப்பை, லத்தீனை இல்லை. மதிப்பெண் வந்திருக்கும், ஆனால் பார்க்காத ஒரு வாக்கியத்தை நீட்டினால் கை நடுங்கும்.

இன்னொரு ரகம், விகுதி அட்டவணையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்துவிட்டு அதை வைத்து என்ன செய்வது என்று சொல்லாமலே போய்விடும் வகுப்பு. அட்டவணை நினைவில் இருக்கும், வாக்கியம் மட்டும் திறக்காது. இந்த இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. உங்களுக்கு மொழி வருமா வராதா என்று அந்த வகுப்பை வைத்து முடிவு கட்ட முடியாது.

எது தெரியும் எது தெரியாதுன்னே தெரியலை. எங்கே ஆரம்பிக்கிறது?

ஏதாவது ஒரு பாடப்புத்தகத்தின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள், நீங்கள் இதுவரை பார்க்காத ஒரு பத்து வரி எடுங்கள். அகராதி இல்லாமல் வாசியுங்கள். தடுக்கும் இடத்தில் எல்லாம் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: சொல்லே தெரியவில்லை, சொல் தெரியும் ஆனால் அதன் விகுதி என்ன சொல்கிறது என்று தெரியவில்லை, இரண்டும் தெரியும் ஆனால் வாக்கியம் ஒட்ட மாட்டேன் என்கிறது.

முதல் குறி அதிகம் என்றால் கவலையே வேண்டாம், அது நேரத்தோடு சரியாகும். இரண்டாவது அதிகம் என்றால் பெயர்ச்சொல், வினைச்சொல் வடிவங்களில் ஓட்டை. மூன்றாவது குறிதான் மோசமான வகுப்பின் அடையாளம், ஏனென்றால் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாசிக்க விடாமல் வைத்திருந்தால்தான் இப்படி ஆகும்.

மறுபடியும் முதல்ல இருந்தா? நினைச்சாலே வெறுப்பா இருக்கு.

ஆமாம், முதலிலிருந்துதான். ஆனால் அதே புத்தகத்தில் வேண்டாம், அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே பழைய எரிச்சல் வந்துவிடும், மனப்பாடம் செய்த அர்த்தமும் குறுக்கே வந்து நிற்கும். வேறு புத்தகம் எடுங்கள். தெரிந்த பாடங்கள் மளமளவென்று ஓடிவிடும், எங்கே வேகம் குறைகிறதோ அங்கேதான் உங்கள் ஓட்டை தொடங்குகிறது. ஓட்டைகளை மட்டும் தேடி அடைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் லத்தீனில் ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

எந்தப் புத்தகம்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

தனியாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றில் வந்து நிற்பார்கள். ஒன்று ஹான்ஸ் ஆர்பெர்க்கின் 'ஃபமிலியா ரோமானா'. 35 பாடங்கள், முழுக்க லத்தீனிலேயே ஒரு கதை, மிக எளிய வாக்கியத்தில் தொடங்கி மெல்ல ஏறும், புதுச் சொல்லின் அர்த்தம் இடத்தை வைத்தே புரியும்படி எழுதியிருப்பார். இன்னொன்று 1956-இல் முதலில் வந்த வீலாக்கின் பாடநூல். 40 பாடங்கள், இலக்கண விளக்கம் ஆங்கிலத்தில், ஒவ்வொரு பாடத்திலும் பயிற்சி வாக்கியங்கள்.

என் அபிப்பிராயம்: அட்டவணை தெரியும் வாசிக்க வராது என்பவர்கள் ஆர்பெர்க்கை எடுங்கள், அர்த்தம் ஊகிக்க வரும் இலக்கணம் தெரியாது என்பவர்கள் வீலாக்கை எடுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஒன்று முதன்மை, மற்றது சந்தேகம் தீர்க்க. மூன்றாவதாக ஒன்றை வாங்கினால் படிப்பதை விட்டுப் புத்தகங்களை ஒப்பிட ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஆறு வேற்றுமையும் மனப்பாடம். ஆனா எது எதுக்குன்னு மண்டையில் ஏறலை.

இங்கேதான் தமிழ் தெரிந்தவர்கள் கையில் இருப்பதை விட்டுவிட்டு வெளியே தேடுகிறார்கள். பாடம் ஆங்கிலம் வழியாக நடந்திருந்தால், வேற்றுமை என்ற ஒன்றை ஏறக்குறைய இழந்துவிட்ட மொழியின் மூலம் வேற்றுமையைப் படித்திருக்கிறீர்கள். தமிழுக்கு எட்டு வேற்றுமை இருக்கிறது, சின்ன வயதிலிருந்து யோசிக்காமல் பயன்படுத்துகிறீர்கள். நேராகப் பொருத்திப் பாருங்கள். நாமினேட்டிவ் என்பது எழுவாய். அக்யூசேட்டிவ் நம் இரண்டாம் வேற்றுமை, அதாவது 'ஐ'. டேட்டிவ் நான்காம் வேற்றுமை, 'கு'. ஜெனிட்டிவ் ஆறாம் வேற்றுமை, 'உடைய'. வொகேட்டிவ் விளி.

மிச்சம் இருப்பது அப்லேட்டிவ். எல்லோரும் திணறுவது இதில்தான், காரணமும் இருக்கிறது: லத்தீனுக்கு முந்தைய மூலமொழியில் தனித்தனியாக இருந்த மூன்று வேற்றுமைகள் லத்தீனில் கலந்து ஒன்றானதுதான் அப்லேட்டிவ். தமிழில் அவை இன்னும் தனியாகவே இருக்கின்றன, நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகள். 'க்லதியோ புக்னத்' என்றால் வாளால் சண்டை போடுகிறான், 'கும் அமீகோ' என்றால் நண்பனோடு, இரண்டும் மூன்றாம் வேற்றுமை. 'அப் உர்பெ வெனித்' நகரத்திலிருந்து வருகிறான், ஐந்து. 'இன் உர்பெ எஸ்த்' நகரத்தில் இருக்கிறான், ஏழு. ஆக ஒரு அப்லேட்டிவ் சொல்லைப் பார்த்ததும் ஆல், ஓடு, இருந்து, இல் என்று நாலையும் வைத்துப் பாருங்கள், ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

இதை விட இனிமையான இடமும் உண்டு. 'மிஹி துவொ ஃபீலியீ ஸுந்த்' என்ற வாக்கியத்தில் டேட்டிவ் ஏன் வந்தது என்று ஆங்கிலப் புத்தகம் ஒரு தனிப் பத்தி எழுதி விளக்கும். நமக்கு அது 'எனக்கு இரண்டு மகன்கள் இருக்கிறார்கள்', அவ்வளவுதான். எனக்குப் பிடிக்கிறது என்பதும் அப்படியே 'மிஹி ப்லகெத்'.

அப்போ தமிழ்க்காரங்களுக்கு லத்தீன் சுலபம்னு சொல்றீங்களா?

சில இடத்தில் சுலபம், சில இடத்தில் தமிழே காலை வாரிவிடும். 'ஊருக்குப் போனான்' என்று நாம் நான்காம் வேற்றுமை போடுவோம், லத்தீன் போகும் இடத்துக்கு டேட்டிவ் போடாது, அக்யூசேட்டிவ் போடும். ரோமுக்குப் போகிறான் என்பது 'ரோமம் இத்' (முடி இல்லை, நகரம்தான்).

பெயரடை அடுத்த பள்ளம். நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்று தமிழில் 'நல்ல' மாறவே மாறாது. லத்தீனில் அது பால், எண், வேற்றுமை மூன்றிலும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். அதிலும் ஒத்துப்போவது என்றால் ஒரே மாதிரி முடிவது என்று நினைத்துவிடாதீர்கள்: 'நௌத பொனுஸ்' நல்ல மாலுமி, 'பீனுஸ் அல்த' உயரமான பைன் மரம். மாலுமி ஆண்பால், மரம் பெண்பால், விகுதி வேறு வேறாக இருந்தாலும் பொருத்தம் சரியே. பாலும் நம் திணை மாதிரி அறிவுக்குக் கட்டுப்பட்டது இல்லை, மேசைகூட அங்கே பெண்பால்தான், சொல்லோடு சேர்த்துப் படித்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

அப்புறம் 'நான் பார்த்த பையன்' என்று நாம் பெயரெச்சத்தில் ஒரே வீச்சில் முடித்துவிடுவதை லத்தீன் 'புவெர் க்வெம் வீதீ' என்று இணைப்புச் சொல் போட்டுத்தான் சொல்லும். 'எவனைப் பார்த்தேனோ அந்தப் பையன்' என்று மனதுக்குள் ஒரு முறை திருப்பிப் போட்டுப் பாருங்கள், க்வெம் ஏன் 'ஐ' வேற்றுமையில் நிற்கிறது என்று தெரியும். பாலும் எண்ணும் பையனிடமிருந்து, வேற்றுமை தன் சொந்த வாக்கியத்திலிருந்து.

வகுப்பில் படிச்ச அட்டவணை வரிசை ஒண்ணு, புதுப் புத்தகத்தில் வரிசை வேற. எது சரி?

இரண்டும் சரி. பிரிட்டன் வழிப் புத்தகங்கள் எழுவாய், விளி, ஐ, உடைய, கு, அப்லேட்டிவ் என்று போகும். அமெரிக்க வழியில் எழுவாய், உடைய, கு, ஐ, அப்லேட்டிவ். ஏற்கனவே வாயில் ஓடும் வரிசையை மாற்றாதீர்கள்.

'ரொஸை'ன்னு வந்தா நாலு அர்த்தம் போட்டிருக்கு. எதுன்னு எப்படி முடிவு பண்றது?

ரோஜாவின், ரோஜாவுக்கு, ரோஜாக்கள், ரோஜாக்களே, நாலும் 'ரொஸை'தான். சொல்லை மட்டும் தனியாக முறைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது, வினையிடம் கேட்க வேண்டும். 'நௌத ரொஸாஸ் ஃபீலியை தத்' என்ற வாக்கியத்தை எடுங்கள். 'தத்' ஒருமை, தருகிறான் என்று அர்த்தம், ஆகவே ஃபீலியை 'மகள்கள்' என்ற எழுவாயாக இருக்க முடியாது. தருகிறான் என்றால் யாருக்கு என்ற கேள்வி தானாக எழும், ஃபீலியை அதில் போய் உட்கார்கிறது: மாலுமி மகளுக்கு ரோஜாக்களைத் தருகிறான்.

'மகளின் ரோஜாக்களை' என்றும் வரலாமே என்று கேட்பீர்கள். வரலாம். அப்போது முன்பின் வாக்கியம் சொல்லும். அதனால்தான் உதிரி வாக்கியங்களில் மட்டும் பயிற்சி செய்கிறவர்கள் கஷ்டப்படுகிறார்கள், கதையாக வாசிக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் பாதி தூரம் வருவதே இல்லை.

சில புத்தகத்தில் எழுத்துக்கு மேலே கோடு போட்டிருக்கு. எங்க வகுப்பில் அதை விட்டுட்டாங்க. அவசியமா?

அவசியம், அதை விட்டது பெரிய அநியாயம். அந்தக் கோடு நெடில். குறிலும் நெடிலும் வேறு வேறு ஒலி என்பதைத் தமிழ் படித்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. 'வெனித்' வருகிறான், 'வேனித்' வந்தான். 'லிபெர்' புத்தகம், 'லீபெர்' சுதந்திரமானவன். 'மலும்' தீமை, 'மாலும்' ஆப்பிள். மேலே சொன்ன ரோஜாவிலும் 'ரொஸ' எழுவாய், 'ரொஸா' அப்லேட்டிவ். கோடு இல்லாமல் அச்சிட்டால் இவை எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.

மூல நூல்களின் பதிப்புகளில் கோடு இருக்காது, உண்மைதான். அது தெரிந்தவர்களுக்கான வசதி. படிக்கும் காலத்தில் கோடு போட்ட புத்தகத்திலேயே இருங்கள், அட்டவணையை உங்கள் நோட்டில் தமிழ் எழுத்தில் ஒரு முறை எழுதிப் பார்ப்பதும் நல்லது, நெடில் தானாகக் கண்ணில் படும். க, ப, த விஷயத்தில் மட்டும் தமிழ் எழுத்தை நம்பாதீர்கள், அங்கே லத்தீனுக்கு இரண்டிரண்டு ஒலி உண்டு.

கிகெரோவா, சிசெரோவா?

ரோமானியப் பேச்சாளர் ஒருவரின் பெயர் இது. பழைய ரோமானிய உச்சரிப்பில் கிகெரோ, சீசர் என்பது கைஸர். திருச்சபை உச்சரிப்பில் சிசெரோ, சேசர் என்று இத்தாலிய ஓசை வரும். பரீட்சையோ பாடகர் குழுவோ ஒன்றைக் கேட்டால் அதை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரோமானிய உச்சரிப்பு. இந்தப் பக்கம் முழுக்க அதுதான். எதை எடுத்தாலும் சத்தமாக வாசியுங்கள், மனதுக்குள் வாசிக்கிறவர்கள் விகுதியை விழுங்கிவிடுவார்கள்.

அகராதியில் தேடினா அந்தச் சொல்லே இல்லை. நான் தேடுறது தப்பா?

'துலித்' தேடியிருப்பீர்கள். எடுத்துச் சென்றான் என்று அர்த்தம், ஆனால் அகராதியில் அது 'ஃபெரோ' என்ற தலைப்பில் இருக்கும்: ஃபெரோ, ஃபெர்ரெ, துலீ, லாதும். பெரும்பாலான வினைகளுக்கு இப்படி நான்கு அடிப்படை வடிவங்கள் உண்டு, மற்ற எல்லா வடிவமும் இவற்றிலிருந்துதான் கிளைக்கும். வகுப்பில் முதல் ஒன்றை மட்டும் படிக்க வைத்திருந்தால் இறந்தகாலம் வரும்போது எல்லாம் திகைப்பீர்கள். 'வா' மட்டும் தெரிந்தவருக்கு 'வந்தான்' எங்கிருந்து வந்தது என்று புரியாது அல்லவா.

பெயர்ச்சொல்லுக்கும் இதே கதை. 'இதெர்' பயணம், பயணத்தின் என்றால் 'இதினெரிஸ்'. மரம் என்பது உருபு ஏற்கும்போது மரத்தை, மரத்துக்கு என்று அடி மாறுவது போலத்தான் இதுவும். அதனால் பெயரை எப்போதும் எழுவாய், ஜெனிட்டிவ், பால் என்று மூன்றாகச் சேர்த்துப் படியுங்கள்.

எத்தனை சொல் தெரிஞ்சா போதும்?

டிக்கின்ஸன் கல்லூரி தொகுத்த அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 1000 சொற்கள் இருக்கின்றன, ஒரு சாதாரண லத்தீன் நூலில் வரும் சொல் வடிவங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் அவற்றிலிருந்து வருபவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதைத் தனியாக உட்கார்ந்து உருப்போட வேண்டாம், வாசிப்பில் ஒரு சொல் வரும்போது அது இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் அர்த்தம் பார்த்துவிட்டு நகருங்கள்.

முதல்ல வினையைத் தேடு, அப்புறம் எழுவாயைத் தேடுன்னு சொல்லிக்கொடுத்தாங்க. வாக்கியம் நீளமானா தொலைஞ்சு போறேன்.

அந்த முறையை விட்டுவிடுங்கள். ரோமானியன் யாரும் பேச்சைக் கேட்கும்போது வாக்கியத்தின் கடைசிக்கு ஓடிப்போய் வினையை எடுத்துக்கொண்டு திரும்பி வரவில்லை. இடமிருந்து வலமாக, வந்த வரிசையிலேயே வாசியுங்கள். 'கனெம்' என்று தொடங்கினால் 'நாயை' என்று வைத்துக்கொண்டு காத்திருங்கள், 'புவெர்' பையன், 'விதெத்' பார்க்கிறான். நாயைப் பையன் பார்க்கிறான். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும், அதுவரை எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதே பொறுமையை இங்கேயும் காட்டினால் போதும். நீளமான வாக்கியம் என்றால் பென்சிலால் உட்பிரிவுகளை அடைப்புக்குள் போட்டுக்கொள்ளலாம், வரிசையை மட்டும் கலைக்காதீர்கள்.

திருத்தித் தர ஆள் இல்லை. நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு எப்படித் தெரியும்?

இரட்டை மொழிபெயர்ப்பு என்று ஒரு பழைய முறை இருக்கிறது. இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்கம் என்ற ஆசிரியர் பரிந்துரைத்தது, அவர் நூல் 1570-இல் வெளிவந்தது. ஒரு சிறு லத்தீன் பத்தியைத் தமிழில் எழுதுங்கள். சில நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் உங்கள் தமிழை மறுபடி லத்தீனாக்குங்கள். அப்புறம் மூலத்தோடு ஒப்பிடுங்கள். எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் உங்களுக்கு ஒரு பாடம் காத்திருக்கிறது, மூல ஆசிரியரே திருத்துகிறார், சம்பளமும் கேட்பதில்லை. சொல் வரிசை மாறினால் கவலைப்படாதீர்கள், வேற்றுமையோ காலமோ மாறினால் உட்கார்ந்து பாருங்கள்.

செயலியில் போட்டா உடனே அர்த்தம் வருதே, அது போதாதா?

வருகிறது, அதனால்தான் போதாது. முதல் கேள்வியில் சொன்ன ஆசிரியர் செய்ததையேதான் செயலியும் செய்கிறது. ஒரு சொல் வடிவத்தைக் கொடுத்தால் அது எந்தெந்த வேற்றுமையாக இருக்கலாம் என்று பிரித்துக் காட்டும் கருவிகள் வேறு ரகம், அவை உதவும். ஆனால் அவையும் சாத்தியங்களை வரிசையாகப் போடுமே தவிர இந்த இடத்தில் எது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மூணு மாசத்தில் பரீட்சை. இதுக்கெல்லாம் நேரம் எங்கே?

அப்படியானால் நான் சொன்ன வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு வைத்திருக்கும் பாடப்பகுதியை வாரத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்தே வாசியுங்கள், ஆனால் ஒவ்வொரு சொல்லின் விகுதிக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பார்க்காத பகுதிக்கான கேள்விக்கு, தினமும் எளிய கதை ஒரு பக்கம். இலக்கணத்தில் முதல் மூன்று டிக்ளென்ஷன் (ஒரே மாதிரி விகுதி ஏற்கும் பெயர்ச்சொல் குடும்பங்கள்), வினையில் நிகழ்காலமும் இறந்தகாலங்களும், சுட்டுப்பெயர்கள். மற்றவை பரீட்சை முடிந்தபின். அவசரம் இல்லாதவர்களுக்கு, தினமும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் விடாமல் படித்தால் ஒரு வருடத்தில் அடிப்படை இலக்கணம் முழுவதையும் ஒரு சுற்று முடிப்பது நடக்கக்கூடிய காரியம்.

மொனெத், ரெகெத், அமெத். மூணும் ஒரே மாதிரி முடியுது, மூணுக்கும் வேற வேற காலம் போட்டிருக்காங்க. பைத்தியம் பிடிக்குது.

பிடிக்கத்தான் செய்யும். 'மொனெத்' எச்சரிக்கிறான், நிகழ்காலம். 'ரெகெத்' ஆள்வான், எதிர்காலம். 'அமெத்' நேசிக்கட்டும் என்பது போல வரும் சப்ஜங்டிவ், அதாவது விருப்பம், நோக்கம் போன்றவற்றைச் சொல்லும் வினைவடிவம். விகுதியை மட்டும் படித்தவருக்கு இதில் வழியே இல்லை, வினை எந்தக் கான்ஜுகேஷனை, அதாவது எந்த வினைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். அகராதிக் கேள்வியில் நான்கு வடிவத்தையும் படியுங்கள் என்றது இதற்கும் சேர்த்துத்தான், இரண்டாவது வடிவம் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும்: அமாரெ, மொனேரெ, ரெகெரெ, அவுதீரெ. மொனேரெயில் நெடில், ரெகெரெயில் குறில், கோடு இல்லாத புத்தகத்தில் இது தெரியவே தெரியாது.

கணக்கு இதுதான். முதல் குடும்பத்துக்கு நிகழ்கால சப்ஜங்டிவில் 'அ' போய் 'எ' வரும், மற்ற மூன்றுக்கும் 'அ' வரும். மூன்றாம் நான்காம் குடும்பங்களின் எதிர்காலம் தன்மை ஒருமையைத் தவிர 'எ'. ஆகவே 'ரெகித்' ஆள்கிறான், 'ரெகெத்' ஆள்வான், 'ரெகத்' ஆளட்டும். முதல் இரண்டு குடும்பங்களுக்கு எதிர்காலம் வேறு விதம், அமாபித், மொனேபித் என்று வரும். அதை 'அமாவித்', அதாவது நேசித்தான் என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அங்கே 'வ'.

'தீகித் புவெரும் வெனீரெ' பையனை வரச் சொல்கிறான் தானே? ஏன் தப்புங்கிறாங்க?

நல்ல பொறி இது, தமிழ் வழியாக யோசிக்கிறவர்கள்தான் விழுவார்கள். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'பையனை', 'வர', 'சொல்கிறான்' என்றுதான் வருகிறது. ஆனால் லத்தீன் சொல்வது 'பையன் வருவதாகச் சொல்கிறான்'. வரச் சொல்வது, அதாவது உத்தரவு, வேறு வினை: 'புவெரும் வெனீரெ யுபெத்'. பிறர் கூற்றைச் சொல்லும்போது உள்வாக்கியத்தின் எழுவாய்க்கு 'ஐ' போடுவது லத்தீனின் வழக்கம். 'அவனை நல்லவன் என்று நினைத்தேன்' என்று நாமும் சொல்வோமே, நல்லவன் அவன்தான், ஆனாலும் 'அவனை'.

காலம் விஷயத்தில் தமிழ் மறுபடி கைகொடுக்கும். 'சொன்னான்' என்பது 'தீக்ஸித்'. அதோடு வெனீரெ வந்தால் வருவதாகச் சொன்னான், வேனிஸ்ஸெ வந்தால் வந்ததாகச் சொன்னான், வெந்தூரும் எஸ்ஸெ வந்தால் வரப்போவதாகச் சொன்னான். இதற்கு ஆங்கிலத்தில் காலத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும், நமக்கு அப்படியே இறங்கும்.

'உர்பெ கப்தா' மாதிரி ஒட்டாம தொங்குற அப்லேட்டிவை என்ன பண்றது?

'நகரம் பிடிபட்டதும்' என்று எழுதுங்கள். அப்லேட்டிவ் அப்ஸொல்யூட் என்று பெரிய பெயர் வைத்திருப்பதால் பயம் வருகிறது. 'பிடித்துவிட்டு சீசர் கிளம்பினார்' என்று தமிழில் வினையெச்சம் போட்டு இணைப்போம். லத்தீனில் 'பிடித்துவிட்டு' என்ற செய்வினை எச்சம் பொதுவாகக் கிடையாது, 'பிடிக்கப்பட்ட' என்ற வடிவம்தான் உண்டு. அதனால் நகரத்தையும் அந்தச் சொல்லையும் அப்லேட்டிவில் போட்டு ஓரமாக நிறுத்திவிடுவார்கள். யார் பிடித்தது என்பதை இடத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும், சீசரே பிடித்திருந்தால் தமிழில் 'பிடித்துவிட்டு' என்றே எழுதலாம்.

சப்ஜங்டிவ் வர்றதுக்குள்ள எங்க வாத்தியார் போயிட்டார். அதை எப்படித் தனியா படிக்கிறது?

தமிழில் இதற்கு ஒற்றை இணை கிடையாது, அதனால் 'சப்ஜங்டிவ் என்றால் இது' என்று ஒரு வரியில் பிடிக்கப் பார்க்காதீர்கள். வடிவத்தை மேலே சொன்ன கணக்கோடு பழகிவிட்டு, அது வரும் இடங்களை ஒவ்வொன்றாகச் சந்தியுங்கள். முதலில் 'உத்'. 'வெனித் உத் விதெஅத்', பார்க்க வருகிறான். நம் 'பார்க்க' என்பதைப் பார்த்து லத்தீனில் வெறும் 'விதேரெ' போடத் தோன்றும், நல்ல உரைநடையில் அப்படிப் போடுவதில்லை. அதே 'உத்' பக்கத்தில் சாதாரண வினை நின்றால் 'போல' அல்லது 'உடனே' என்ற அர்த்தம்.

அடுத்து 'கும்'. பெயர்ச்சொல் அப்லேட்டிவில் நின்றால் 'ஓடு'. வாக்கியத்தைத் தொடங்கி, வினை சப்ஜங்டிவில் நின்றால் 'போது', 'ஆகையால்', 'போதிலும்' மூன்றில் ஒன்று. எது என்பதற்கு விதி தேடி அலையாதீர்கள், முக்கிய வாக்கியத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுதான் பொருந்தும்.

பாடப்புத்தகம் முடிஞ்சதும் நேரா விர்ஜிலுக்குப் போகலாமா?

போகாதீர்கள். விர்ஜில் கவிஞர், கவிதையில் பெயரடை ஒரு மூலையிலும் அதன் பெயர் இன்னொரு மூலையிலும் நிற்கும், யாப்பும் குறில் நெடில் தெரியாமல் பிடிபடாது. முதலில் 4-ஆம் நூற்றாண்டில் எயூத்ரோபியுஸ் எழுதிய ரோமானிய வரலாற்றுச் சுருக்கத்தை எடுங்கள். வாலென்ஸ் பேரரசருக்காக எழுதியது, ரோம் நகரம் தோன்றியதிலிருந்து தொடங்கும், வாக்கியங்கள் குட்டை. விவிலியம் பழக்கம் உள்ளவர்களுக்கு ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பு இன்னும் சுலபம், கதை ஏற்கனவே தெரியும் என்பதால் வேகமாக ஓடும். சில இலக்கண வழக்கங்கள் சிசெரோ காலத்திலிருந்து மாறியிருக்கும், உதாரணமாகப் பையன் வருவதாகச் சொல்கிறான் என்பதற்கு 'க்வொத்' போட்டு நம் 'என்று' மாதிரி இணைத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு சீசர் தானே எழுதிய போர்க் குறிப்புகள். போர் விவரிப்பு வரும் பத்திகளை முதலில் வாசியுங்கள். தூதர்களின் பேச்சு பக்கக்கணக்கில் வரும் இடங்களை ஒதுக்கி வையுங்கள், அவை முழுக்க முழுக்க 'பையன் வருவதாகச் சொல்கிறான்' கட்டுமானம், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வரும். அந்தக் கேள்விக்கான பதிலை இன்னொரு முறை படித்துவிட்டு அங்கே போகலாம்.